கண்களுக்கும் ஒரு நோன்பு: தவக்காலத் திரைகள் கூறும் செய்தி

2025 ஆம் ஆண்டிலும் 2026 ஆம் ஆண்டிலும் கிறிஸ்தவர்களின் தவக்காலமும் முஸ்லிம்களின் ரமழான் நோன்பும் ஏறக்குறைய ஒரே வாரங்களில் அமைந்தமை எமது வாசகர்களின் நினைவில் இருக்கும். ஒரே ஒழுங்கையில் ஒரு வீட்டில் சஹர் உணவுக்காக அதிகாலையில் விளக்கெரிந்தது. அடுத்த வீட்டார் வெள்ளிக்கிழமையில் இறைச்சி விலக்கி, மாலையில் சிலுவைப் பாதை வழிபாட்டுக்குச் சென்றனர். கந்தசஷ்டிக்கு விரதமிருக்கும் இந்து அயலவருக்கும் இவை அந்நியமானவையல்ல. வயிற்றைக் கட்டுவதன் பொருளை இந்நாட்டின் எல்லாச் சமூகத்தவரும் அறிவர். ஆனால் வயிற்றுக்கு நோன்பு இருப்பதைப் போலவே கண்களுக்கும் ஒரு நோன்பு உண்டு என்பதையும், அந்த நோன்பிலிருந்தே கிறிஸ்தவ உலகின் தனித்துவமான ஒரு கலைமரபு பிறந்தது என்பதையும் கிறிஸ்தவர்களிலேயே பலர் அறியார். அம்மரபைப் பற்றிச் சிந்திப்பது இக்காலத்தில் பொருத்தமானது எனக் கருதுகின்றோம்.

முதலில் தவக்காலம் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகக் கூறுவது அவசியம். இயேசு பாலைவனத்தில் 40 நாட்கள் நோன்பிருந்தமையை நினைவுகூர்ந்து, திருநீற்றுப் புதன் தொடக்கம் உயிர்த்த ஞாயிறு வரையுள்ள காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகள் நீங்கலாக 40 நாட்கள் கிறிஸ்தவர்கள் தவமிருக்கின்றனர். முந்திய ஆண்டின் குருத்தோலைகளை எரித்துப் பெற்ற சாம்பலை நெற்றியில் பூசுவதுடன் அது ஆரம்பமாகின்றது. கத்தோலிக்க ஆலயங்களில் பீடத்தின் மலர் அலங்காரங்கள் அகற்றப்படுகின்றன. குருவானவர் ஊதா நிற உடை அணிகின்றார். மகிழ்ச்சியின் குரலாகிய அல்லேலூயா பாடப்படுவதில்லை. இறுதி இரு வாரங்களில் பல ஆலயங்களில் சிலுவையும் சுரூபங்களும் ஊதாத் துணியால் மூடப்படுகின்றன. ஆண்டு முழுவதும் பார்த்துப் பழகிய முகங்கள் திடீரெனக் காணாமற்போவதால், ஆலயத்தில் நுழையும் சிறுபிள்ளையும் ஏதோ நிகழ்ந்துவிட்டது என்பதை உணர்ந்துகொள்கின்றது.

மறைப்பதன் மூலம் காணச் செய்வது என்பது எமது மண்ணுக்குப் புதிய சிந்தனையன்று. கதிர்காமத்தில் மயில்மீது தேவியருடன் அமர்ந்த முருகனின் உருவம் தீட்டப்பட்ட திரைக்கே பக்தர்கள் கைகூப்புகின்றனர். திரைக்கு அப்பால் இருப்பதை அவர்கள் காண்பதில்லை. அத்தலத்தின் அயலிலேயே பள்ளிவாசலும் இருப்பது யாவரும் அறிந்ததே. மக்காவில் கஃபாவைப் போர்த்தியுள்ள கிஸ்வா என்னும் கரும்பட்டுத் துகில், பொன் வெள்ளி இழைகளால் இறைவசனங்கள் நெய்யப்பட்டு ஆண்டுதோறும் மாற்றப்படுகின்றது. இவற்றின் இறையியல் வேறு வேறானது. எனினும், கண் எல்லாவற்றையும் தனதாக்கிக்கொள்ள முடியாது என்ற அடக்கத்தைத் துணி ஒன்று கற்பிக்க முடியும் என்பதில் இவை ஒன்றுபடுகின்றன.

ஐரோப்பாவின் நடுப்பகுதியில் இந்த அடக்கமே பெரும் கலையாக வளர்ந்தது. ஏறத்தாழ 1000 ஆண்டுகளுக்கு முன்னரே, தவக்காலம் தொடங்கியதும் ஆலயத்தின் பீடப்பகுதிக்கும் மக்கள் நிற்கும் பகுதிக்கும் இடையே ஒரு பெரிய துணியைத் தொங்கவிடும் வழக்கம் அங்கு இருந்து வந்துள்ளது. பாவத்துக்காகத் தவம் செய்வோர் பீடத்தைக் காணத் தம்மைத் தகுதியற்றோராகக் கருத வேண்டும் என்பதே அதன் கருத்து. மக்கள் பூசையைச் செவியால் மாத்திரமே பின்பற்றினர். பெரிய வாரத்தின் புதன்கிழமையன்று இயேசுவின் பாடுகளின் வரலாறு வாசிக்கப்படும். எருசலேம் ஆலயத்தின் திரை கிழிந்தது என்ற இடம் வந்ததும் அத்துணி கீழே விழுத்தப்படும். வாரக்கணக்காகக் காணாதிருந்த பீடம் ஒரே கணத்தில் வெளிப்படும் அக்காட்சி அம்மக்களின் உள்ளத்தை எவ்வாறு உலுக்கியிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

இத்துணியை ஜேர்மன் மொழியில் நோன்புத் துணி என்றும் பசித் துணி என்றும் அழைப்பர். வறுமையில் வாடுவோனைப் பசித் துணியைக் கறிப்பவன் என்று கூறும் மரபுத்தொடர் அம்மொழியில் இன்றும் வழக்கில் உள்ளது.

தொடக்கத்தில் வெறுமையாயிருந்த திரையில் காலப்போக்கில் ஓவியங்கள் இடம்பிடித்தன. கண்ணுக்கு நோன்பு விதித்த துணியே கண்ணுக்குப் பாடமாயிற்று. எழுத்தறிவு அரிதாயிருந்த காலத்தில் வேதாகமக் கதைகளைக் கட்டம் கட்டமாகத் தீட்டிய இத்திரைகள் மக்களின் புத்தகமாக விளங்கின. ஒஸ்திரியாவின் கரிந்தியா மாநிலத்தில் உள்ள குர்க் பேராலயத்துக்காக, பிரீசாக் ஊரைச் சேர்ந்த கொன்ராட் என்னும் ஓவியர் 1458 ஆம் ஆண்டில் தீட்டி முடித்த திரையில் 99 காட்சிகள் உள்ளன. அதன் ஒரு பாதி பழைய ஏற்பாட்டையும் மறு பாதி புதிய ஏற்பாட்டையும் கூறுகின்றது. ஐந்து நூற்றாண்டுகள் கடந்த பின்னரும் அது தவக்காலத்தில் அப்பேராலயத்தில் தொங்கவிடப்படுகின்றது.

ஜேர்மனியின் சக்சனி மாநிலத்தில், போலந்து, செக் எல்லைகளுக்கு அருகேயுள்ள சிட்டாவ் நகரத்தின் பெருந்திரையின் வரலாறு இன்னும் சுவையானது. வாசனைத் திரவியமும் தானியமும் விற்ற வணிகர் ஒருவரின் நன்கொடையால் 1472 ஆம் ஆண்டில் உருவான அத்திரை 8.20 மீற்றர் உயரமும் 6.80 மீற்றர் அகலமும் கொண்டது. வரிசைக்கு ஒன்பது படங்களாகப் பத்து வரிசைகளில் உலகப் படைப்பிலிருந்து இறுதித் தீர்ப்பு வரை 90 படங்கள் அதில் தீட்டப்பட்டுள்ளன. சமயச் சீர்திருத்தவாதிகள் இவ்வழக்கத்தை ஏற்கவில்லை. மார்ட்டின் லூதர் அதனை வெறும் மாய வித்தையாகக் கண்டித்தார். ஆயினும் சிட்டாவ் மக்கள் லூதரன் சபையைத் தழுவிய பின்னரும் தமது திரையைக் கைவிடவில்லை. 1573 ஆம் ஆண்டில் சிலுவைக் காட்சியைத் தாங்கிய இரண்டாவது திரை ஒன்றையும் அவர்கள் செய்வித்தனர். 1672 ஆம் ஆண்டு வரை பெருந்திரை பயன்பாட்டில் இருந்தது. சபை பிரிந்தபோதும் நோன்பின் துணி பிரியவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

இரண்டாம் உலகப் போரின்போது பாதுகாப்புக்காக அத்திரை ஒரு மலைப்பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 1945 ஆம் ஆண்டில் அங்கு வந்த சோவியத் படையினர் அதனைத் துண்டுகளாக வெட்டி, தாம் காட்டில் அமைத்த நீராவிக் குளியலறைக்கு மறைப்பாகக் கட்டினர். நீராவியில் வண்ணங்கள் கரைந்தன. பின்னர் கைவிடப்பட்ட அத்துண்டுகள் கண்டெடுக்கப்பட்டு, 1990களில் சுவிற்சர்லாந்து நிறுவனம் ஒன்றினால் செப்பனிடப்பட்டன. 1999 ஆம் ஆண்டு முதல் சிட்டாவ் நகரில் அது காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. அழிந்த வண்ணங்களை மீண்டும் தீட்டி மறைக்காமல், வெளிறிய பகுதிகள் அவ்வாறே விடப்பட்டுள்ளன. பாடுகளின் கதையைச் சொல்லவந்த துணி தானும் பாடுபட்டிருக்கின்றது. அதன் காயமும் இப்போது அதன் செய்தியின் ஒரு பகுதியாகிவிட்டது.

பெரும்பாலான ஊர்களில் மறைந்துபோன இம்மரபுக்கு 1976 ஆம் ஆண்டில் எதிர்பாராத திசையிலிருந்து மறுவாழ்வு கிடைத்தது. உலகின் பசிக்கும் நோய்க்கும் எதிராக ஜேர்மன் கத்தோலிக்க ஆயர்கள் 1958 ஆம் ஆண்டில் நிறுவிய மிசேரியோர் என்னும் அமைப்பு, தவக்காலத்தில் நிதி திரட்டும் பணியுடன் பசித் துணியையும் இணைத்தது. மிசேரியோர் என்ற இலத்தீன் சொல்லுக்கு இரங்குகிறேன் என்பது பொருள். முதல் திரையை வரையும் பொறுப்பு பெங்களூரு அருகே வாழ்ந்த இந்திய ஓவியர் ஜோதி சாஹியிடம் ஒப்படைக்கப்பட்டது. ஜேர்மன் கிராமத்து ஆலயங்களில் இந்தியக் கோடுகளும் வண்ணங்களும் தொங்கின. அதன்பின் எதியோப்பியா, ஹெயிட்டி எனப் பல நாட்டுக் கலைஞர்கள் இப்பணியில் இணைந்தனர். 1990 ஆம் ஆண்டின் திரையில் வேதாகமத்துப் பெண்களை முன்னிறுத்தியவரும் லூசி டி சூசா என்ற இந்தியப் பெண் ஓவியரே.

இம்மாற்றத்தின் பொருளை ஆழ்ந்து நோக்க வேண்டும். இடைக்காலத்தில் திரை பீடத்தை மறைத்தது. புதிய திரைகளோ, வசதியுள்ளோர் தமது கண்களிலிருந்து தாமே மறைத்து வைத்திருந்த மனிதர்களைப் பீடத்துக்கு முன்னே கொண்டுவந்து நிறுத்தின. கொலம்பஸ் வந்திறங்கிய 500 ஆவது ஆண்டான 1992 இல், 1980 ஆம் ஆண்டில் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஆர்ஜென்டீனாவின் அடொல்போ பேரெஸ் எஸ்கிவெல், இலத்தீன் அமெரிக்க மக்களின் துயரைச் சிலுவைப் பாதையாக 15 படங்களில் தீட்டினார். இயேசு தம் தாயைச் சந்திக்கும் நிலையில், இராணுவ ஆட்சியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி வெள்ளைத் தலைத்துணியுடன் நின்ற தாய்மார் இடம்பெற்றனர். எமது வடக்கிலும் கிழக்கிலும் படங்களைக் கையிலேந்தி வீதியோரத்தில் அமர்ந்த தாய்மாரைக் கண்ட எவருக்கும் அப்படத்துக்கு விளக்கவுரை தேவைப்படாது.

2021 ஆம் ஆண்டின் திரையைச் செய்த சிலி நாட்டுக் கலைஞர் லிலியன் மொரேனோ சான்செஸ், 2019 ஆம் ஆண்டில் சந்தியாகோ நகரில் இடம்பெற்ற மக்கள் போராட்டத்தில் காயமுற்ற ஒருவரின் முறிந்த பாதத்தின் எக்ஸ்ரே படத்தை ஆதாரமாகக் கொண்டார். வைத்தியசாலைப் படுக்கை விரிப்புகளே அவருக்குச் சீலையாயின. போராட்டம் நடந்த சதுக்கத்தின் மண்ணும் அதில் சேர்க்கப்பட்டது. கரிக்கோடுகளிடையே பொன்னிறப் பூக்கள் மலர்ந்தன. 2023 ஆம் ஆண்டில் நைஜீரியக் கலைஞர் எமேகா உடெம்பா, கிழிக்கப்பட்ட பத்திரிகைச் செய்தித் துண்டுகளைப் படலம் படலமாக ஒட்டி, எமக்குப் புனிதமானது எது என்ற கேள்வியை எழுப்பும் திரையை ஆக்கினார். நாள்தோறும் அச்சாகி மறுநாள் கடைகளில் பொதி சுற்றும் தாளாகிவிடும் செய்திகளுக்குப் பீடத்தின் முன் ஓர் இடம் கிடைத்தமை, நாளிதழ்ப் பணியில் உள்ள எம்மைச் சிந்திக்க வைத்தது. நேற்றைய துயரம் பழைய செய்தியாகிவிடக் கூடாது என்பதையன்றி அது வேறு எதனைச் சொல்கின்றது?

வழிபாட்டிடத்தில் உலக விவகாரங்களுக்கு என்ன வேலை என்று வினவுவோர் உள்ளனர். அவ்வினாவை அலட்சியம் செய்ய முடியாது. துயரத்தைச் சித்திரமாக்கும்போது அது வேடிக்கைப் பொருளாகிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. ஏழையின் படத்தைப் பார்த்துச் சில நாணயங்களை இட்டுவிட்டு மனநிறைவுடன் வீடு திரும்புவதும் இலகுவானதே. அரசியல்வாதிகள் ஆலயச் சுவரைத் தமது சுவரொட்டிக்குரிய இடமாக ஆக்கவும் கூடும். எனவேதான் இக்கலைக்கு நோன்பு என்ற அளவுகோல் அவசியமாகின்றது. நோன்பு எப்போதும் முதலில் நோன்பிருப்பவனையே சோதிக்கின்றது. ஒரு படம், பார்ப்பவனுடைய பெருமையை வளர்க்குமாயின் அது அலங்காரம். அவனது பகைமையை வளர்க்குமாயின் அது பிரசாரம். தான் இதுவரை காண மறுத்த ஒன்றை அவனுக்குக் காட்டுமாயின் மாத்திரமே அது தவக்காலத்துக்கு உரியதாகும்.

எமது நாட்டிலும் வேதாகமக் காட்சிகளை இம்மண்ணில் வைத்துக் கண்ட கலைஞர்கள் இருந்துள்ளனர். 1900 ஆம் ஆண்டில் பிறந்து 1975 இல் மறைந்த டேவிட் பெயின்ரர், கண்டி திரித்துவக் கல்லூரியின் சிற்றாலயச் சுவரில் தீட்டிய சிலுவைக் காட்சியில் இயேசு தாடியற்ற இளைஞராக, கண்டல் மரங்கள் சூழ்ந்த நிலத்தில் காட்சியளிக்கின்றார். தமிழ்க் கத்தோலிக்கரின் தவக்காலத்திலோ பாஸ்கு நாடகங்களும், பாடுகளின் வரலாற்றை ஒப்பாரி போன்ற இராகத்தில் இசைக்கும் வழக்கமும் நீண்டகாலமாக நிலைத்து வந்துள்ளன. எனவே தவக்காலக் கலை என்பது எமக்கு இறக்குமதிப் பொருளன்று.

ஆனால் எந்தக் கலைஞரும் திட்டமிடாத இரு காட்சிகளை எமது அண்மைக்கால வரலாறு எம்முன் வைத்திருக்கின்றது. 2019 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று, தவக்காலத்தின் துணிகள் நீங்கிய மறுநாட் காலையில், கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம், கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகியவற்றிலும் கொழும்பின் நட்சத்திர ஹோட்டல்களிலும் நடத்தப்பட்ட குண்டுத் தாக்குதல்களில் 260 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கட்டுவாப்பிட்டியில் இருந்த உயிர்த்த இயேசுவின் சுரூபத்தில் வழிபட வந்தோரின் இரத்தம் தெறித்தது. அச்சுரூபம் கழுவப்படாமல் கண்ணாடிப் பேழையில் வைத்துப் பேணப்பட்டது.

மற்றைய காட்சி 2020 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் எழுந்தது. கொவிட் தொற்றினால் இறந்தோரின் உடல்களைக் கட்டாயமாகத் தகனம் செய்யும் உத்தரவின் கீழ், பிறந்து 20 நாட்களேயான ஒரு முஸ்லிம் சிசுவின் உடல் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. அதனை அறிந்தோர் பொரளை மயானத்தின் வாயிலில் வெண்ணிறத் துணித் துண்டுகளைக் கட்டினர். கபன் சீலையின் அடையாளமாகக் கட்டப்பட்ட அத்துணிகளை முஸ்லிம்கள் மட்டும் கட்டவில்லை. கிறிஸ்தவர்களும் ஏனைய சமயத்தவர்களும் வந்து கட்டினர். அவ்வுத்தரவு 2021 ஆம் ஆண்டில் மாற்றப்பட்டது. 2024 ஆம் ஆண்டில் அரசாங்கம் மன்னிப்புக் கோரவும் தீர்மானித்தது. அந்தத் துணித் துண்டுகளை எவரும் தேவாலயக் கலை என்று அழைக்கவில்லை. ஆயினும், பிறரின் துயரத்துக்கு முன் நின்று மௌனமாகத் துணியால் பேசுவதே பசித் துணியின் சாரம் எனின், அதன் மிக உண்மையான வடிவங்களுள் ஒன்றை நாம் பொரளையில் கண்டோம்.

இங்கேயே எமது கருத்து நிலைகொள்கின்றது. எமது சமூகங்கள் ஒவ்வொன்றும் தனது காயத்தைத் திறந்தும் மற்றவரின் காயத்தை மூடியும் வைத்திருக்கின்றன. 1995 ஆம் ஆண்டு ஜூலை மாதம் நவாலி தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தோர் விமானக் குண்டுவீச்சில் மடிந்ததைத் தமிழர் மறக்கவில்லை. 1990 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் சுட்டுக்கொல்லப்பட்டதையும், அதே ஆண்டு ஒக்டோபரில் வடபுலத்திலிருந்து துரத்தப்பட்டதையும் முஸ்லிம்கள் மறக்கவில்லை. 2019 ஏப்ரலின் குற்றத்துக்குச் சம்பந்தமற்ற முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் அதே ஆண்டு மே மாதத்தில் தாக்கப்பட்டன. நவாலியைப் பற்றிப் பேசும் மேடையில் காத்தான்குடி ஒலிப்பதில்லை. காத்தான்குடியைப் பற்றிப் பேசும் மேடையில் நவாலி ஒலிப்பதில்லை. கண்களின் நோன்பு எமக்குத் தேவைப்படுவது இந்த இடத்திலேயே.

ஒரு பங்குச் சமூகம் தனக்கென ஒரு தவக்காலத் திரையை ஆக்க விரும்பினால் அதற்குப் பெரும் செலவோ தேர்ந்த ஓவியரோ அவசியமில்லை. பாவித்த சேலைகளையும் படுக்கை விரிப்புகளையும் ஒன்றாகத் தைத்தாலே போதுமான சீலை கிடைத்துவிடும். திருநீற்றுப் புதனுக்குச் சில வாரங்களுக்கு முன்னரே இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று முதியோரின் நினைவுகளைச் செவிமடுக்க வேண்டும். தூரிகையைத் தொடுவதற்கு முன் காதைத் தீட்டுவதே இக்கலையின் முதற்படி. பின்னர் சீலையைக் கட்டங்களாக வகுத்து, கட்டத்துக்கு ஒரு நினைவாகத் தீட்டலாம். பாதிக்கப்பட்ட குடும்பத்தின் சம்மதமின்றி எவரது முகமும் பெயரும் அதில் இடம்பெறலாகாது. எவரையும் குற்றவாளியாக்கும் வாசகங்கள் வேண்டியதில்லை. நன்கொடையாளரின் பெயர்ப்பட்டியலும் வேண்டியதில்லை.

இவற்றுக்கு மேலாக ஒரு நிபந்தனையை நாம் முன்வைக்கின்றோம். அத்திரையின் சில கட்டங்களேனும் அயற்சமூகத்தின் துயரத்துக்கு ஒதுக்கப்பட வேண்டும். அதில் எதனைத் தீட்டுவது என்பதை அச்சமூகத்தவரிடமே சென்று கேட்க வேண்டும். முஸ்லிம் அயலவரின் துயரைக் கூறும் கட்டத்தில் மனித உருவத்தைத் தவிர்ப்பது அவர்களது மார்க்க உணர்வுக்குச் செய்யும் மரியாதையாகும். பூட்டிய ஒரு கதவோ, விட்டுவந்த வீட்டின் கிணறோ, ஒரு வெண்துணித் துண்டோ போதுமானது. கேட்கச் செல்லும் அந்த நடையே தவத்தின் பெரும்பகுதி என்பதில் ஐயமில்லை. சென்ற இடத்தில் கதவு திறக்கப்படாவிடின் அக்கட்டத்தை வெறுமையாகவே விட்டுவிடலாம். வெறுமையான கட்டமும் உண்மையையே கூறும்.

இத்தகைய ஒரு திரை எந்த வழக்கையும் தீர்க்கப் போவதில்லை. காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய கேள்விக்கும், உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் பின்னணி பற்றிய கேள்விக்கும் பதிலளிக்கும் கடமை அரசுக்கும் நீதித்துறைக்கும் உரியது. துணியொன்றைத் தொங்கவிட்டு அக்கடமையிலிருந்து எவரும் தப்பிவிட முடியாது. ஆனால் நீதி கோரும் குரல்கள் தனித்தனியே ஒலிக்கும் வரை அவற்றை அலட்சியம் செய்வது ஆட்சியாளருக்கு இலகுவாகவே இருந்து வந்துள்ளது. ஒருவரின் துயரத்தை மற்றவர் தமது ஆலயத்தின் நடுவே தொங்கவிடும் நாளில் அந்த இலகு நீங்கிவிடும்.

பழைய வழக்கப்படி, பெரிய வாரத்தின் புதன்கிழமையன்று திரை கீழே விழும். அதன் பின்னால் பீடமும் சிலுவையும் முன்னிருந்தபடியே இருக்கும். ஆறு வாரங்களாக அயலவரின் கட்டத்தைப் பார்த்துப் பழகிய கண்கள் அச்சிலுவையை முன்போலக் காணுமா என்பதே இக்காலத்தில் எமது கிறிஸ்தவ வாசகர்கள் தம்மைத் தாமே கேட்க வேண்டிய வினாவாகும்.